ஹாங்காங்குக்கு மிஷன் அழைப்பு வந்திருக்கிறது, கான்டனீஸ் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சிங்காநல்லூர் பையன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது, கோயம்புத்தூர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். வெளியில் மார்மன் சபை என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். போன வாரம் அமெரிக்காவில் சால்ட் லேக்கில் இருக்கும் சபைத் தலைமையகத்திலிருந்து மிஷன் அழைப்பு, அதாவது வேறு ஊர் போய் முழுநேர ஊழியம் செய்யும் அழைப்பு, வந்தது. பெங்களூரோ டெல்லியோ வரும் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம். திரையில் ஹாங்காங், அதுவும் கான்டனீஸ் மொழியில் என்று பார்த்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், ஹிந்தி அரைகுறை. அமெரிக்காவில் ப்ரோவோ நகரில் உள்ள சபைப் பயிற்சி மையத்தில் இரண்டு மாதம் போலச் சொல்லிக் கொடுப்பார்களாம். அதற்குள் ஒரு சீன மொழி வாயில் வருமா? ஹாங்காங்கில்தான் ஆங்கிலம் ஓடுமே, அதை வைத்துச் சமாளிக்க முடியாதா? சித்தப்பா முதலில் மாண்டரின் படி, அது எங்கேயும் உதவும் என்கிறார். அம்மாவுக்கு வேறு கவலை: சாப்பாடு என்ன, வாராவாரம் பேச முடியுமா, நம் முகத்தைப் பார்த்து அங்கே மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று. போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மெர்சி, குரோம்பேட்டை

தம்பி, வாழ்த்துகள். நான் 2016 கடைசியில் போய் ஒன்றரை வருடம் அங்கே ஊழியம் செய்தேன். எங்களுக்கு, அதாவது சிஸ்டர்கள் என்கிற பெண் ஊழியர்களுக்கு, ஒன்றரை வருடம். உங்களுக்கு இரண்டு வருடம். அந்த ஆறு மாதம் கூடுதலாகக் கிடைப்பது மொழிக்குப் பெரிய வரம்.

முதலில் உங்கள் வாய்க்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி மையத்தில் இதைச் சொல்லித் தர ஆள் இருக்காது. வகுப்பில் அநேகமாக எல்லோரும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளாக இருப்பார்கள். கான்டனீஸில் 'நான்' என்ற சொல் ங-வில் தொடங்கும், கிட்டத்தட்ட 'ஙோ'. சொல் முதலில் ங வந்தால் அமெரிக்கப் பிள்ளைகள் திணறுவார்கள். நமக்கு 'ஙப்போல் வளை' சின்ன வயதிலேயே பழக்கம். அடுத்தது, ரோமன் எழுத்தில் பி, டி, ஜி என்று எழுதியிருப்பதை ஆங்கிலம் மாதிரி அழுத்திப் படிக்காதீர்கள். அது நம் 'பால்', 'தாய்', 'கால்' என்பதில் வரும் அதே ப, த, க மாதிரி, காற்று வராத ஒலி. அது உங்களுக்கு இலவசமாகவே வந்துவிடும். ஆனால் காற்றோடு வரும் ப, த, க என்று இன்னொரு வரிசை இருக்கிறது. அது தமிழில் கிடையாது. 'பா' என்று காற்றில்லாமல் சொன்னால் அப்பா, காற்றோடு சொன்னால் பயம். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். காகிதம் அசைய வேண்டிய இடத்தில் அசைகிறதா, அசையக் கூடாத இடத்தில் சும்மா இருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

இன்னொன்று நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். ஒன்று என்றால் 'யட்', ஆறு 'லுக்', பத்து 'ஸப்'. மூன்றும் கடைசி மெய்யெழுத்தோடு சட்டென்று நின்றுவிட வேண்டும். நாம் நம்மை அறியாமல் கடைசியில் ஒரு உ சேர்த்து யட்டு, லுக்கு, ஸப்பு என்போம். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அது இரண்டு அசையாகக் கேட்கும், என்ன சொல்கிறோம் என்றே புரியாது. இதை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

அடுத்தது சுரம், அதாவது சொல்லை எந்தக் குரல் உயரத்தில் சொல்கிறோம் என்பது. அது ஆறு. 'ஸி' என்ற ஒரே ஒலி உயரத்தில் நின்றால் கவிதை, உயரத்துக்கு ஏறினால் வரலாறு, நடுவில் நின்றால் முயற்சி, கீழே இறங்கினால் நேரம், கீழிருந்து கொஞ்சம் எழுந்தால் சந்தை, கீழேயே நின்றால் விஷயம். ஆண்டவர் என்பதற்கும் பன்றி என்பதற்கும் கூடச் சுரம் மட்டும்தான் வித்தியாசம். ஜெபத்தில் அந்தச் சொல் வராமல் இருக்காது, அதனால் அதை எடுத்த எடுப்பிலேயே சரியாகப் பழகுங்கள். சொல்லைத் தனியாகவும் சுரத்தைத் தனியாகவும் மனப்பாடம் செய்யாதீர்கள். பாட்டை ராகத்தோடுதானே கற்கிறோம், அப்படி.

ஆங்கிலத்தில் சமாளிக்கலாமா என்று கேட்டீர்கள். ஆங்கிலம் பேசும் சபைகள் அங்கே உண்டு. வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு அவரவர் விடுமுறை நாளைப் பொறுத்து வார நாட்களிலும் ஆராதனை நடக்கிறது. உங்களை அனுப்புவது கான்டனீஸ் பேசும் மனிதர்களிடம். 1853ல் நம் சபையிலிருந்து முதன்முதலில் மூன்று பேர் ஹாங்காங் போனார்கள். மொழி வசப்படவில்லை, கையில் காசும் இல்லை, சுமார் இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டார்கள். அப்புறம் 1949ல் ஹாங்காங்கின் விக்டோரியா பீக் மலையில் ஊழியத்தைத் தொடங்கி வைத்து ஒரு ஜெபம், அடுத்த வருடம் சில இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள், கொரியப் போரால் 1951ல் அவர்களையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1955ல் மறுபடி வந்தவர்கள்தான் மொழியை உட்கார்ந்து படித்து வேரூன்றினார்கள். நம் வேதநூலான மார்மன் புத்தகம் சீன மொழியில் வந்ததே 1965ல்தான். அதற்கு முன்னால் பத்து வருடம் அந்தப் பையன்கள் அந்தப் புத்தகம் இல்லாமலே ஊழியம் செய்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். பயிற்சி மையத்தில் உங்களுக்குப் போதனை வசனங்களைத்தான் முதலில் தருவார்கள். மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி எல்லாம் நாலாவது வாரத்திலேயே வாயில் வந்துவிடும். அது தேவைதான். ஆனால் கேட்கக் கற்றுக்கொள்ளாமல் பேச மட்டும் கற்றுக்கொண்டவர், ஒருவர் தன் துக்கத்தைச் சொல்லும்போது தலையாட்டிவிட்டுத் தன் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். அதை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கவே வேதனையாக இருக்கும்.

ஹாங்காங்கில் ஷாம் சுய் போ என்ற பகுதியில் ஒரு பாட்டி அட்டைப்பெட்டி பொறுக்கி விற்பார். அந்த ஊரில் இப்படி நிறைய முதியவர்கள் உண்டு. கடை மூடும் நேரத்தில் பெட்டிகளை நடைபாதையில் போட்டு, ஒட்டுநாடாவைக் கத்தியால் கீறி, காலால் மிதித்துத் தட்டையாக்கி, தள்ளுவண்டியில் அடுக்கி நைலான் கயிற்றால் கட்டுவார். நானும் என் கம்பானியனும், அதாவது கூடவே ஊழியம் செய்யும் சிஸ்டரும், போய் மிதித்துக் கொடுப்போம். பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, மெதுவாகவும் பேச மாட்டார். வாக்கிய முடிவில் 'லா', 'லோ', 'வோ', 'குவா' என்று ஒட்டிக்கொள்ளும் அசைகள் எப்போது சலிப்பு, எப்போது சந்தேகம், எப்போது கெஞ்சல் என்று அந்தப் பாட்டியிடம்தான் எனக்குப் பிடிபட்டது. சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து சிறுமியாக எல்லை தாண்டி வந்ததை ஒரு மாலை கயிறு கட்டிக்கொண்டே சொன்னார். முழுவதும் புரிந்தது. நடுவில் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் சபைக்கு ஒரு முறைகூட வரவில்லை. அவரைப் பார்த்தது வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புத்தக மொழியும் பேச்சு மொழியும் அங்கே வேறு வேறு. வேதத்தை வாசிக்கும்போது 'ஸி' என்று வருவது பேச்சில் 'ஹை' ஆகிவிடும், 'பட்' என்பது 'ம்' ஆகிவிடும். கூட வந்த அமெரிக்க சிஸ்டர்கள் இது என்ன அநியாயம் என்றார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, ஊரிலேயே இரண்டையும் சேர்த்துத்தானே வளர்கிறோம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: எங்கள் காலத்தில் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டாரோடு பேச முடியும், மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பி டே அன்று, அதாவது துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் விடும் நாளில், வீடியோவில் பேசலாம். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. டீ, காபி நம் சபையில் கூடாது என்பதால் உணவகத்தில் 'துங் நிங் ஸொய்' கேளுங்கள், ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். யாராவது டிம் சம், அதாவது டீயோடு சாப்பிடும் சின்னச் சின்னப் பலகாரங்கள், சாப்பிடக் கூட்டிப்போனால் உட்கார்ந்ததும் 'குவன் ஸொய்', அதாவது வெந்நீர், கேட்டுவிடுங்கள். டீ ஊற்றிய பிறகு மறுப்பதைவிட அது மரியாதை.

கவுலூன் சங்கர்

மெர்சி அக்கா எழுதியதைப் படித்தேன். நான் அந்தச் சபை இல்லை, சிவன் கோயிலுக்குப் போகிறவன். வேலைக்காக ஹாங்காங் வந்து பல வருடம் ஆகிறது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராக மோங் கொக் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பையன்களை அடிக்கடி பார்ப்பேன். ஒருவன் காய்கறிக்காரரோடு கான்டனீஸில் பேசுவதைக் கேட்டு நின்றுவிட்டேன். இத்தனை வருடம் அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே இருந்த எனக்கு அந்தப் பேச்சு வராது.

தம்பி, நம் முகத்துக்கு ஒரு தடை இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார், நீங்கள் கான்டனீஸில் கேட்டிருந்தாலும். விடாதீர்கள். சிரித்த முகமாக மறுபடி கான்டனீஸிலேயே பதில் சொல்லுங்கள், இரண்டாவது வாக்கியத்தில் அவரும் திரும்பிவிடுவார். ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும் நாளும் வரும். அதே ஊரில், நாம் நாலு வார்த்தை அவர்கள் பேச்சில் பேசியதும் கையைப் பிடித்துக்கொள்ளும் தாத்தாக்களும் இருக்கிறார்கள்.

எங்கள் கட்டடங்களில் வாசலில் காவலாளியும் கடவுச்சொல்லும் இருக்கும், வீடு வீடாகக் கதவு தட்டுவதெல்லாம் நடக்காது. தெருவில்தான் பேச வேண்டும். காலை எட்டரைக்கு வேலைக்கு ஓடுகிறவரை நிறுத்தாதீர்கள். சாயங்காலம் பூங்காவில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போங்கள்.

மார்ச், ஏப்ரலில் சுவரே வியர்க்கும், தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். சாம்பார் பொடிக்கு சிம் ஷா சுய்யில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற கட்டடத்துக்குப் போனால் போதும். புயல் எச்சரிக்கை எட்டாம் எண் ஏற்றினால் ஊரே வீட்டுக்குள் போய்விடும், அரிசி பருப்பு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ வேலு

சித்தப்பா சொன்ன மாண்டரின் விஷயத்துக்கு மட்டும் பதில். நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர்ச் சீனர்கள் கான்டனீஸ்தான் பேசுவார்கள், நானும் பக்கத்து வீட்டில் விளையாடியே பிடித்துக்கொண்டேன். இப்போது மாண்டரின் தொடாதீர்கள். அதில் சுரம் நாலு, இதில் ஆறு, சொல் முடிவில் வரும் ப், ட், க் அதில் கிடையவே கிடையாது. இரண்டு மாதம் மாண்டரின் பழகிவிட்டுப் போனால் காது குழம்பும். எழுத்தும் சீனாவில் எளிமையாக்கியது, ஹாங்காங்கில் பழைய முழு வடிவம். மிஷன் முடிந்து வந்த பிறகு மாண்டரின் படித்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

மிஷனில் டிவி பார்க்க விடமாட்டார்கள் என்று கேள்வி. அப்படியானால் போவதற்கு முன் டிவிபி என்ற ஹாங்காங் தொலைக்காட்சியின் கான்டனீஸ் சீரியல்கள் பாருங்கள். மலேசியாவில் எங்கள் தலைமுறை அதைப் பார்த்தே வளர்ந்தது. அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, காது பழகட்டும்.

சிங்காநல்லூர் பையன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். வாராவாரம் பேசலாம் என்றதும் முகம் தெளிந்தது. மெர்சி அக்கா, ஒரு சந்தேகம். முதல் சில மாதம் கூட வரும் எல்டருக்கு (ஆண் ஊழியரை அப்படித்தான் அழைப்போம்) மொழி தெரியும், எனக்குத் தெரியாது. அவர் பேசும்போது நான் பொம்மை மாதிரி நிற்க வேண்டியதுதானா?

மெர்சி, குரோம்பேட்டை

நிற்க வேண்டாம், தம்பி. உங்கள் பயிற்சியாளரான அந்த எல்டரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்: வணக்கம், பெயர், ஊர், சாப்பிட்டீர்களா, இது நான்கையும் நான்தான் பேசுவேன், மற்றது நீங்கள் என்று. வாரம் ஒன்று கூட்டிக்கொண்டே போங்கள். வீட்டுக்குள்ளும் இருவரும் கான்டனீஸில்தான் பேச வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு, எஸ்.ஒய்.எல். (ஸ்பீக் யுவர் லாங்குவேஜ்) என்பார்கள். அலுப்பாக இருக்கும் இரவுகளில் அதைக் கைவிடத் தோன்றும். அந்த இரவுகளில்தான் பாத்திரம் கழுவுவது, குழாய் ஒழுகுவது, தலைவலி எல்லாம் வாயில் வரும். எந்த ஊழியத்துக்கும் அந்தச் சொற்கள் வேண்டும்.

சபையில் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பையும் விடாதீர்கள். நீங்கள் அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும்போது, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவிப்பது எப்படி என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெரும்பாலும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். வகுப்பு முடிந்து நாற்காலி மடக்கும்போது நடக்கும் பேச்சுதான் எனக்கு மிகவும் உதவியது.

இப்போதைக்கு ஒன்றிலிருந்து நூறு வரை எண்களைச் சொல்லிப் பழகுங்கள். யட், லுக், ஸப் மூன்றும் அடிக்கடி வரும், உ ஒட்டுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்து தனிச் செய்தியில் அனுப்புங்கள். இந்த வாரக் கடைசியில் கேட்டுவிட்டு எந்தெந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று எழுதுகிறேன்.