கிரைண்டர் ஒயரை எலி கடித்துவிட்டது, இண்டக்‌ஷன் பிளக் கருகியிருக்கிறது: ஜாயின்ட் போடலாமா, மாற்றணுமா?

கேள்வி: சமையல்கட்டு

வணக்கம். ரெண்டு பொருள், ரெண்டு சந்தேகம்.

டேபிள் டாப் கிரைண்டர், 2 லிட்டர், 150 வாட். ஒயர் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது, விறைத்துப் போயிருக்கிறது. நடுவில் எலி கடித்து உள்ளே நீல ஒயரும் பச்சை ஒயரும் தெரிகின்றன. அந்த இடத்தில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் போதும் என்கிறார்கள். போதுமா?

அடுத்தது 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. 16 ஆம்ப் பிளக்கில் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. ஒயரும் நீளம் பற்றவில்லை. பிளக்கை மாற்றும்போதே ஒரு மீட்டர் ஒயர் சேர்த்து நீட்டிக்கொள்ளலாமா? கட்டர், ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர் கையில் இருக்கின்றன.

பதில்: மூணுபின்

இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். கிரைண்டர் இழுப்பது ஒரு ஆம்பியரை ஒட்டித்தான். அந்த ஒயர் சூடாகி எரியப்போவதில்லை. அங்கே பயம் ஷாக்தான். உலோக உடம்பு, ஈரக் கை, கீழே தண்ணீர். இண்டக்‌ஷனில் மேலே கண்ணாடி, உடம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆனால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடும். அங்கே பயம் சூடு.

கிரைண்டருக்கு ஜாயின்ட் வேண்டாம். பிளக் பக்கம் ஒரு ஜாணுக்குள் கடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது டாப் (ஒயரில் மாட்டும் பிளக்) மாட்டலாம். மெஷின் பக்கம் என்றால் உள்ளே திறந்து, மிச்ச ஒயரை இழுத்து மாட்டலாம். நடுவில் கடித்திருக்கிறது, ஒயரும் விறைத்திருக்கிறது என்றால் முழுசாக மாற்றுவதுதான் வழி. பழைய பிவிசியில் மென்மை கொடுக்கும் பொருள் வெளியேறிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு அதை இன்னும் வேகப்படுத்தும். இன்று எலி கடித்த இடம், நாளை மடிக்கிற இடத்தில் தானாகவே விரிசல். மேல் உறைக்குள் செம்பும் கறுத்திருந்தால் எங்கே வெட்டினாலும் நல்ல ஜாயின்ட் வராது. கிரைண்டர் கழுவும் தண்ணீர் ஒயர் மேலேயே வழிந்து டேப்புக்குள் போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

வாங்க வேண்டியது: 3 கோர் (உள்ளே மூன்று தனி ஒயர்), 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஃபிளெக்சிபிள் ஒயர் 2 மீட்டர், 6 ஆம்ப் 3 பின் டாப் ஒன்று, ஒரு ரிங் லக் (ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்), பல் வாஷர். 0.75 ஸ்கொயரே கரண்டுக்குத் தாராளம். 1 ஸ்கொயர் சொல்வது இழுபடும் பலத்துக்காக. உறையின் மேல் ஐஎஸ் 694, ஐஎஸ்ஐ முத்திரை அச்சாகியிருக்க வேண்டும். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை இப்படி:

பிளக்கைப் பிடுங்குங்கள்; சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. கல்லையும் டிரம்மையும் எடுத்துவிட்டு மெஷினைச் சாய்த்து அடித்தட்டைக் கழற்றுங்கள். எதையும் அவிழ்க்குமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கெபாசிட்டர் முனைகளை வெறும் கையால் தொடாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு ஹோல்டரின் இரண்டு ஒயரை அதன் முனைகளில் சில நொடி வைத்தால் மிச்ச சார்ஜ் இறங்கிவிடும்.

புது ஒயரை ரப்பர் புஷ் வழியாக உள்ளே விட்டு, மேல் உறையை 6 செ.மீ. உரியுங்கள். பச்சை-மஞ்சள் ஒயர் மற்ற இரண்டையும் விட 2, 3 செ.மீ. நீளமாக இருக்கட்டும். யாராவது காலில் மாட்டி இழுத்தால் ஃபேஸ் முதலில் அறுந்து, எர்த் கடைசியில் அறுபட வேண்டும். கோர் முனையில் 8 மில்லி உரித்தால் போதும். 1 ஸ்கொயரில் பெரும்பாலும் 0.2 மில்லி இழை 32 இருக்கும். கட்டரில் ஆறு இழை வெட்டுப்பட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போச்சு, வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள்.

பிரவுன் ஒயர் சுவிட்சுக்கு, நீலம் நியூட்ரலுக்கு. பழைய ஒயர் சிவப்பு, கருப்பு, பச்சையாக இருந்தால் அதே வரிசையில் ஃபேஸ், நியூட்ரல், எர்த். எர்த்துக்கு ரிங் லக் நசுக்கி, பாடியில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். பெயின்ட் மேல் வைத்த எர்த், எர்த்தே இல்லை.

ஒயரைப் பிடிக்கும் கிளாம்ப் மேல் உறையைக் கவ்வ வேண்டும், தனித்தனி கோரை அல்ல. உள்ளே முடிச்சுப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் இங்கே நிறைய. முடிச்சு இறுகின இடத்தில்தான் உறை வெடிக்கும். பழைய புஷ் ஒயரோடு ஒட்டி வார்த்ததாக இருந்து அறுந்துவிட்டால் பிஜி 9 கிளாண்ட் (ஒயரை ஓட்டையில் இறுக்கிப் பிடிக்கும் மரை மூடி) போடலாம், 4 முதல் 8 மில்லி தடிமன் வரை கவ்வும்.

டாப்பைத் திறந்து, பின்கள் கீழே பார்க்க, எர்த் பின் மேலே வரும்படி வைத்தால் ஃபேஸ் வலது, நியூட்ரல் இடது. எல், என் எழுத்து இருந்தால் அதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: ஓம்விதி

கிரைண்டர் விஷயம் மேலே முடிந்தது. நான் இண்டக்‌ஷனுக்கு வருகிறேன்.

பின் பழுப்பாவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் சாக்கெட்தான். உள்ளே இருக்கும் பித்தளை இதழ் தளர்ந்து பின்னைச் சரியாகக் கவ்வாது. கணக்கு பாருங்கள்: தொடும் இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே 8.7 × 8.7 × 0.2, கிட்டத்தட்ட 15 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளக்குக்குள் செருகி வைத்த மாதிரி. சூட்டில் இதழ் இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். ஆகவே டாப்பை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் அதுவும் கருகும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், சாக்கெட்டுக்கு மெயினை அணைத்துவிட்டு. அப்படியே சுவரில் வரும் ஒயரையும் பாருங்கள், 2.5 ஸ்கொயர் இருக்க வேண்டும். லைட் சர்க்யூட்டில் இருந்து 1 ஸ்கொயர் ஒயரை இழுத்து 16 ஆம்ப் சாக்கெட் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

வார்த்த பிளக்கை வெட்டும்போது, செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை பின்னால் போய் வெட்டுங்கள். சூடுபட்ட இடத்தில் அது கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கும்.

நீட்டுவது வேண்டாம். 2000 வாட்டுக்கு ஒயர் 1.5 ஸ்கொயர் இருப்பது நல்லது. உங்கள் அடுப்போடு வந்தது 1 ஸ்கொயராக இருந்தால் அந்தச் சின்ன நீளத்துக்குச் சரி, நீளம் கூடினால் சரியில்லை. அடுப்பை சாக்கெட் பக்கம் நகர்த்துங்கள், இல்லையென்றால் சாக்கெட்டை மேடைக்கு மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தற்காலிகமாக வேண்டும் என்றால் 16 ஆம்ப் சாக்கெட், 1.5 ஸ்கொயர் ஒயர் உள்ளதாகப் பார்த்து, சுருளை முழுசாகப் பிரித்துப் போடுங்கள். சுருளில் காந்தம் உண்டாகி சூடாகிறது என்பார்கள். ஃபேஸும் நியூட்ரலும் எதிர் எதிராக ஓடுவதால் காந்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். சூடு வெளியேற வழியில்லாததுதான் காரணம்.

அடுப்பின் உள்ளே ஒயர் கெட்டிருந்தால் சர்வீஸ் சென்டர். பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மைக்ரோவேவ் அதைவிட மோசம், அதன் கெபாசிட்டர் ஆளையே கொல்லும்; திறக்கவே கூடாது.

பதில்: ஈயப்பற்று

டாப்புக்குள் மாட்டும் முன் ஒயர் முனைக்கு ஈயம் வைத்துவிடுங்கள். இழை பிரியாது, நிற்கும்.

பதில்: ஓம்விதி

@ஈயப்பற்று, ஸ்க்ரூ அடியில் போகும் முனைக்கு அது கூடாது சார். ஈயம் மெத்து. ஸ்க்ரூ அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், ஸ்க்ரூ தானாகத் தளரும், பிறகு சூடு. அதற்கு பதில் பின் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் குச்சி) வைத்து கிரிம்பிங் டூலால் நசுக்குங்கள், அல்லது இழைகளை முறுக்கி இரண்டாக மடித்துச் செருகுங்கள். இரண்டு மூன்று நாள் சமைத்த பிறகு, பிளக்கைப் பிடுங்கி ஆறவைத்து, ஸ்க்ரூவை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

மெஷினுக்குள்ளே இரண்டு ஒயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் வாகோ 221 மாதிரி லீவர் கனெக்டர் நல்லது. 11 மில்லி உரித்துச் செருக வேண்டும், 4 ஸ்கொயர் வரை, 32 ஆம்ப் தாங்கும். ஆனால் மூடிய பெட்டிக்குள், தண்ணீர் படாத இடத்தில், ஒயர் இழுபடாமல்.

கேள்வி: சமையல்கட்டு

நன்றி. கிரைண்டர் ஒயர் மாற்றிவிட்டேன், இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. மல்டிமீட்டரில்: எர்த் பின்னுக்கும் பாடிக்கும் 0.4 ஓம். ஃபேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் சுவிட்ச் ஆன் செய்தால் 40 ஓம், ஆஃப் செய்தால் ஒன்றும் இல்லை. 40 ஓம் என்றால் ஷார்ட்டா?

பதில்: மூணுபின்

ஷார்ட் இல்லை. அது மோட்டார் வைண்டிங்கின் தடை. ஏசியில் வைண்டிங்கின் இண்டக்டன்ஸும் சேர்ந்து கரண்ட்டை அடக்கும். ஆஃபில் ஒன்றும் காட்டாததால் சுவிட்சும் வேலை செய்கிறது.

0.4-ல் மீட்டர் ஒயரின் தடையும் சேர்ந்திருக்கிறது. இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் எவ்வளவு காட்டுகிறதோ அதைக் கழியுங்கள். 0.2-க்குள் வந்தால் சரி. வரவில்லை என்றால் பாடியில் இன்னும் சுரண்ட வேண்டும்.

இன்னொன்று பாக்கி: சுவிட்ச் ஆனில் வைத்து ஃபேஸ் பின்-பாடி, நியூட்ரல் பின்-பாடி இரண்டும் மெகா ஓம் ரேஞ்சில் திறந்தே (இணைப்பே இல்லாத மாதிரி) காட்ட வேண்டும். முடிந்தால் 500 வோல்ட் மெக்கரிலும் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பாருங்கள், 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் கரண்ட் கொடுக்கக் கூடாது. பழைய கிரைண்டரில் மாவுத் தண்ணீர் இறங்கிய வைண்டிங்கை சாதா மீட்டர் காட்டிக்கொடுக்காது.

பிறகு சுவர் சாக்கெட். ஃபேஸ்-எர்த் இடையே ஃபேஸ்-நியூட்ரல் அளவு வோல்ட்டேஜ் வர வேண்டும். எர்த் இல்லை என்று தெரிந்தால், நியூட்ரலையும் எர்த்தையும் டாப்புக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கிரைண்டர் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பிரேக்கர்) இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் அணையும் பிரேக்கர்) ஒயரைக் காப்பதற்கு, ஆளைக் காப்பதற்கு அல்ல. இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு கிரைண்டரை ஓடவிடுங்கள், முதல் ஓட்டம் கல் போடாமல்.