இட விவரம் எழுத ஒரு கையா, நாலு கையா?

பாளையங்கோட்டை (தொடங்கியவர்)

வணக்கம். இடம், வீடு வாங்கித் தரும் தொழிலில் இப்போது விற்கிற இடத்தைப் பற்றி எழுதிய விவரத்தாள் இல்லாமல் ஒன்றும் நகர்வதில்லை. சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் முதலில் படிக்கிறார்கள், பிறகுதான் வண்டி ஏறுகிறார்கள். அந்த விவரத்தை ஒவ்வொரு தரகரும் தன் பெயரில் தனியாக எழுதுவதா, நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெயரில் எழுதுவதா? இரண்டு வகையிலும் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்று மட்டும் எழுதுங்கள். சொந்தப் பெருமையும் ஆட்கள் பெயரும் வேண்டாம்.

என் பக்கத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தனியாளுக்கு எல்லை குறுகியது. பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, ரெட்டியார்பட்டி ரோடு என்று நாளும் சுற்றுபவருக்கு மானூர்க் கரிசலில் அஸ்திவாரம் எப்படி நிற்கும் என்று தெரியாது. கூட்டுக்கு எல்லை பெரிது. ஆனால் ஒரே மனை மூன்று பேர் கையிலிருந்து மூன்று பரப்பும் மூன்று விலையுமாக வெளியே போகிறது. வாங்க வருகிறவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அதோடு சரி.

சேரன்மகாதேவி, ஆவண எழுத்தர்

கூட்டாக எழுதுவதைக் கூட்டுப் பட்டாவோடுதான் ஒப்பிடத் தோன்றுகிறது. எல்லார் பெயரும் இருக்கும். எந்தப் பக்கம் யாருடையது என்று மட்டும் தெரியாது. அதனால் நாலு பேர் எழுதினாலும் ஒவ்வொரு வரியையும் உட்பிரிவு செய்துவிட வேண்டும். பரப்பைப் பட்டாவில் பார்த்தது யார், வில்லங்கம் போட்டது (இடத்தின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தது) யார், இடத்தில் போய் நின்றது யார் என்று ஓரத்தில் முதலெழுத்தும் தேதியும் இருக்கட்டும். வெளியே போகும் தாளில் அது வேண்டாம், உள்ளே இருக்கும் மூலப்படியில் இருந்தால் போதும்.

தவறு அதிகம் வருவது அளவில். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும். 0 - 8.50 என்று இருந்தால் அது எட்டரை ஏர், அதாவது 850 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 21, சதுர அடியில் ஏறத்தாழ 9,149. அவசரத்தில் அதையே ‘எட்டரை சென்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி: இந்த இரண்டு எண்களையும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிரயப் பத்திரங்களில் கோட்டை, மரக்கால் விதைப்பாடு வரும், அதாவது எவ்வளவு விதை விதைக்கலாம் என்ற நில அளவு. ஒரு மரக்கால் விதைப்பாடு சுமார் எட்டு சென்ட் என்பது வாய்க்கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். அதைப் பெருக்கிப் போட்டுப் பரப்பு எழுதக் கூடாது. பட்டாவில் உள்ளதை அப்படியே ஒரு வரி, பத்திரத்தில் உள்ளதை அப்படியே ஒரு வரி, இடத்தில் நாடா பிடித்த கிழமேல், தென்வடல் அடி ஒரு வரி என்று எழுதுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் ஒத்துவரவில்லை என்றே எழுதுங்கள். கூட்டில் ஒருவர் சென்ட், ஒருவர் சதுர அடி, ஒருவர் ‘ஒரு கிரவுண்ட்’ என்று போட்டால் படிக்கிறவர் மூன்று இடம் என்று நினைப்பார்.

அடுத்தது நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை. பத்திரத்தில் ‘இன்னார் மனைக்குக் கிழக்கு’ என்று இருந்தால், இன்னார் மனை நமக்கு மேற்கு எல்லை. நம் இடம் அதற்குக் கிழக்கே கிடக்கிறது என்பதுதான் பொருள். பத்திரம் படித்துப் பழகாதவர் இதைத் தலைகீழாக எழுதுவார். மேற்குப் பார்த்த மனை தாளில் கிழக்குப் பார்த்ததாகிவிடும். நம்ம ஊரில் வாசல் திசை மாறினால் வாங்க வந்தவர் காரை விட்டே இறங்கமாட்டார். பத்திரம் படிக்கிற வேலையை ஒருவர் கையிலேயே விடுங்கள், அதைச் சுற்றுமுறை வைக்காதீர்கள்.

வில்லங்கம் போடும்போது இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்தால் சுத்தமாக வரும். 214/3பி என்று தேடினால் நேற்று பிறந்த எண்ணுக்கு என்ன வில்லங்கம் இருக்கப்போகிறது? உட்பிரிவுக்கு முந்தைய 214/3ஐயும் போட்டுத் தேட வேண்டும். நகர எல்லைக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் ஒரு பக்கம், பழைய கிராமப் புல எண் ஒரு பக்கம், இரண்டும் வேண்டும். பிறகும் ‘வில்லங்கம் இல்லை’ என்று எழுதாதீர்கள். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, கையெழுத்துப் போடாத அக்கா தங்கை இவையெல்லாம் அதில் தெரியாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தேடியது, எத்தனை பதிவு வந்தது, அவ்வளவுதான் எழுத வேண்டியது.

கல்லிடைக்குறிச்சி

நான் கூட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். காரணம் தண்ணீர்.

தாமிரபரணிக் கரையில் இடம் எழுதுகிறவர் கால்வாய் தெரிந்தவராக இருக்க வேண்டும். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஒரு குணம், கோடகன் பக்கம் ஒரு குணம், பாளையங்கால்வாய் ஊருக்குள் நுழைந்தபிறகு அது வேறு குணம். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து எழுதுகிறவர் ‘குளத்தங்கரை மனை, நல்ல காற்று’ என்று போட்டுவிடுவார். அந்தக் குளத்தின் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர் போகும் வழி) எந்தப் பக்கம் போகிறது என்பது அந்த ஊரில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். மறுகால் ஓடை பல வருஷம் காய்ந்து கருவேலங்காடாகக் கிடக்கும், பார்த்தால் மனை மாதிரியே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் தண்ணீருக்குள் நின்றதை எல்லாரும் பார்த்தோம். ஆற்றை மட்டும் அன்று பார்த்தவர்கள், உடைந்த குளங்களையும் நிரம்பி வழிந்த மறுகால்களையும் மறந்துவிட்டார்கள்.

ஆகவே பிர்க்காவுக்கு, அதாவது ஒரு கிராமத் தொகுதிக்கு, ஒருவர். அவர் செய்ய வேண்டியது இது. கிராம வரைபடத்தில் குளம், மடை, கலுங்கு (மறுகால் வழியும் இடம்), ஓடை எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். புலப்படத்தில் (அந்தப் புல எண்ணின் அளவைப் படம்) மனைக்குள்ளோ ஓரத்திலோ வாய்க்கால், வண்டிப்பாதை புறம்போக்கு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘அ’ பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) அந்தப் புல எண்ணும் அக்கம்பக்கத்து எண்களும் என்ன வகைப்பாடு என்று பார்க்க வேண்டும். கோயில் பெயரோ, அரசுப் புறம்போக்கோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு இரண்டு தடவை இடத்துக்குப் போக வேண்டும், வெயிலில் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழைக்கு மறுநாள் ஒன்று. பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எத்தனை அடியில் இருக்கிறது என்று நாடா வைத்து அளந்து எழுதுங்கள். ‘லேசாகத் தண்ணீர் நிற்கும்’ என்ற வாக்கியத்துக்கு விலையே கிடையாது.

குடிதண்ணீரும் அப்படித்தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ‘தண்ணீர் நல்ல தண்ணீர்’ என்று வாயால் சொல்லாமல், பக்கத்துக் கிணற்றிலோ போரிலோ எடுத்து டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பளவு காட்டுவது) பார்த்து எண்ணைப் போடுங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. எந்த மாதம் எடுத்தது என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். மழை முடிந்த கையோடு எடுத்த எண்ணைச் சித்திரையில் யாரும் நம்பக்கூடாது.

இத்தனையையும் ஒரே ஆள் மானூரிலிருந்து உவரி வரை செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

வள்ளியூர்

அண்ணாச்சி, செய்ய முடியாதுதான். எதுக்கு மானூர்ல இருந்து உவரி வரைக்கும் எழுதணும்? தனியாளு தன் வட்டாரத்தை மட்டும் எழுதட்டும். வாரத்துக்கு ஒரு இடம் போதும், ஆனா வாரம் தவறக் கூடாது. எட்டு இடத்து விவரம் எழுதிக் கையிருப்பா வச்சுக்கிட்டுத்தான் முதல் தாளை வெளியே விடணும். அது இல்லேன்னா மூணாவது மாசம் நின்னுபோகும், அதுக்குக் காரணம் சோம்பல் இல்லை, முகூர்த்த மாசத்துல பத்திரப்பதிவு குவிஞ்சிரும்.

கூட்டு ஏன் உடையுதுன்னு யாரும் இன்னும் சொல்லல. எழுத்துல உடையல, போன்ல உடையுது. தாள்ல யார் நம்பர் இருக்கு, கூப்பிட்ட ஆளை யாரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறா, தரகு யாருக்கு. ஆறு பேர் சேர்ந்தா ரெண்டு பேர் எழுதுதாங்க, நாலு பேர் பேரு மட்டும் குடுக்காங்க. முதல் தரகு வந்த அன்னைக்கு ஆறு பேரும் எழுத்தாளர்தான்.

கூட்டுச் சேரணும்னா முதல் தாளுக்கு முன்னாடியே வெள்ளைத் தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிடுங்க: இடம் கொண்டுவந்தவருக்கு எவ்வளவு, வாங்குற ஆளைக் கொண்டுவந்தவருக்கு எவ்வளவு, எழுதினவருக்கு எவ்வளவு. எழுதினவருக்குப் பங்கே இல்லேன்னா ரெண்டு மாசத்துல எழுத்து நின்னுரும். பத்துல ஒரு பங்காவது வைக்கணும்ங்கிறது என் யோசனை. தாள்ல இடத்துக்குப் போய்ப் பாத்தவர் நம்பர்தான் இருக்கணும். பொது நம்பர்னு ஒண்ணு போட்டா அதை எடுக்க ஆள் இருக்காது, இல்லேன்னா எப்பவும் ஒரே ஆள் எடுப்பாரு. ரெண்டுமே வம்பு.

இன்னொண்ணு, படிக்கிறவங்க ஒரு ஆளோட குரலைத்தான் நம்புதாங்க. ‘இவரு விலை அதிகம்னு தோணினா அதிகம்னு எழுதுவாரு’ங்கிற பேரு தனியாளுக்கு வரும். நாலு பேர் எழுதுற தாள்ல ஒருத்தர் அதிகம்னு எழுத, இன்னொருத்தர் அது என் இடம்ல, அந்த வரியை எடும்பாரு.

திருநெல்வேலி டவுன்

சட்டப் பக்கம் யாரும் போகவில்லையே, அதையும் பார்த்துவிடுவோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன்படி 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு அடுக்கக வீட்டுக்கு மேல் உள்ள மனை, கட்டடத் திட்டம் ரெரா (ஒழுங்குமுறை) ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரமே செய்யக் கூடாது (500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டரை சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு, பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம்). பதிவான திட்டத்தின் விளம்பரத்தில் ஆணையத்தின் இணைய முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தின் விற்பனைக்கு முகவர் துணைபோகக் கூடாது. மீறினால் அபராதம் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மொத்தத்தில் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை.

கூட்டாக எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். முகவர் பதிவு எண் ஆளுக்கு உரியது, அல்லது நிறுவனமாகப் பதிந்திருந்தால் நிறுவனத்துக்கு. ஐந்து பேர் சேர்ந்து அழகாக ஒரு பெயர் வைத்து, ஒருவருடைய எண்ணைப் போட்டு, மற்ற நாலு பேர் இடங்களையும் அதில் ஏற்றினால் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர். அந்த எண்ணுக்கு உரியவர் படித்து ஒப்புக்கொள்ளாத வரி தாளில் இருக்கக் கூடாது.

‘அப்ரூவ்டு’ என்ற சொல்லைத் தனியாக நிறுத்தாதீர்கள். எது? டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரெரா எண் இரண்டும் வேறு வேறு, இரண்டையும் எழுதுங்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பதை மனைப்பிரிவு அனுமதி மாதிரி எழுதுவது தவறு. அனுமதியில்லாத மனைகளுக்கு 2016 அக்டோபர் 20 தான் கோடு. அதற்கு முன் மனையாகப் பதிவானதா, வரன்முறை உத்தரவு வாங்கியதா என்று ஒரு வரி இல்லாவிட்டால், பத்திர அலுவலகத்தில் டோக்கன் வாங்கிய பிறகுதான் தெரியும்.

பழைய தாளை நகலெடுத்து எழுதும் வழக்கமும் கூட்டில்தான் அதிகம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11 சதவீதம் என்று இன்னும் சுற்றும் வாசகத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலிலேயே பதிவுக் கட்டணம் 2 ஆகிவிட்டது, வழிகாட்டி மதிப்பும் மாறியது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் அதிலும் 1 சதவீதம் குறைவு. எண் இருக்கும் வரிகளை மட்டும் தனியாக ஒரே இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை ஒருவர் பார்த்துத் தேதி போட வேண்டும்.

பாளையங்கோட்டை (தொடங்கியவர்)

நல்லது. உட்பிரிவு யோசனை பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். கூட்டிலிருந்து ஒருவர் விலகினால் அவர் எழுதிய பழைய தாள்கள் என்ன ஆகும்? விற்றுப்போன இடத்துக்கு இன்னும் போன் வருகிறதே. படம் எடுப்பதையும் யாராவது சொல்லுங்கள், அதில்தான் சண்டை அதிகம்.

சேரன்மகாதேவி, ஆவண எழுத்தர்

எல்லாத் தாளுக்கும் முடிவுத் தேதி போடுங்கள், முப்பது நாள். அதற்குமேல் ஓட வேண்டுமென்றால் பார்த்தவர் மறுபடி உரிமையாளரிடம் கேட்டு, வில்லங்கத்தையும் புதிதாகப் போட்டு, புதுத் தேதி இட வேண்டும். விலகியவருடைய தாள்கள் அந்தத் தேதியில் தானாகவே முடிந்துவிடும், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. திருத்தம் வந்தால் பழைய எண்ணை அழிக்காமல் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். பத்திரத்தில் அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்து வாங்குகிறோமே, அதே முறைதான்.

கல்லிடைக்குறிச்சி

படம் நாலு மூலையிலும் நின்று உள்நோக்கி ஒன்று, மூலைக்கல் தெரிய ஒன்று, ஆக எட்டு. கல்லைச் சுற்றிப் புல்லை அறுத்துவிட்டு எடுங்கள். கல் இல்லாவிட்டால் இல்லாத மூலையையும் எடுத்து ‘கல் இல்லை’ என்று எழுதுங்கள். ரோட்டிலிருந்து மனைக்குப் போகும் பாதையை நடந்துகொண்டே காணொளியாக எடுத்தால் போதும், பாதையின் அகலத்தில் மூன்று இடத்தில் நாடா பிடித்துக் காட்டுங்கள். காலை எட்டு மணிக்கு எடுத்தால் நிழல் மேற்கே விழும், திசைக்குத் தனியாகச் சாட்சி வேண்டாம். அகலக் கோண லென்ஸ் மட்டும் வேண்டாம், ஐந்து சென்ட்டும் அதில் அரை ஏக்கராகத் தெரியும்.

வள்ளியூர்

கரண்டு எடுக்குற காத்தாடி பக்கத்துல இருந்தா அதையும் சேர்த்து எடுங்க. படத்துல மறைச்சாலும் ராத்திரி சத்தத்தை மறைக்க முடியாது.