மறுமொழி: ஓவர்விண்டரிங்: ‘குளிர்காப்பு’ சரிவராது

> தொட்டி மரங்களுக்கு ‘குளிர்காப்பு’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, ‘ஓவர்விண்டரிங்’ என்றால் தொட்டி மரத்தைக் குளிர்காலம் தாண்டும்வரை பத்திரமாக வைத்திருப்பது. அதற்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘குளிர்காப்பு’ சுருக்கம் சரி, பொருள்தான் தலைகீழாகிவிடுகிறது. குளிரிலிருந்து காப்பது என்று படிப்பவர் மரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பார். ரொறன்ரோவில் முதல் வருடம் நான் செய்ததும் அதுதான். அது ஒரு ஜூனிப்பர் பொன்சாய் (ஆழமில்லாத தட்டில் குட்டையாக வளர்க்கும் ஊசியிலை மரம்), பெப்ரவரி வரை பச்சையாகவே நின்றது. அப்புறம் ஒருநாள் தொட்டேன், பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஜூனிப்பர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சை காட்டும் என்பது அப்போது தெரியாது.

இந்த மரங்களுக்குக் குளிர் வேண்டும், உறங்க வேண்டும். காக்க வேண்டியது வேரை. ஜப்பானிய மேப்பிளின் கிளை -20 பாகை செல்சியஸைத் தாங்கும். வேர் சுமார் -10இலேயே செத்துவிடும். நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மண்ணின் சூடு துணை. நாலு விரல் ஆழத் தட்டில் அது ஏது? அதனால்தான் சூடேற்றாத கராஜில் 0 முதல் 5 பாகைக்குள் வைக்கிறோம், அல்லது தோட்டத்தில் தொட்டியோடு புதைத்துச் சருகு மூடுகிறோம். மேலே விழும் பனியைத் தட்டிவிடுவதில்லை, அதுவும் ஒரு போர்வை.

> ‘பனிகடத்தல்’?

சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள். ‘பனிக்கழிப்பு’ என்றாலோ கழிப்பறை வாடை.

பழைய புறத்திணையில் கூதிர்ப்பாசறை என்று ஒரு துறை உண்டு. கூதிர் என்பது குளிர்காலம், பாசறை என்பது படை தங்கும் இடம். வாடை அடிக்கும் காலத்திலும் அரசன் வீடு திரும்பாமல் பாசறையிலேயே தங்குவது. நம் மரம் செய்வதும் அதேதான். ஆனால் கூதிர் ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும், இங்கே பங்குனியிலும் விறைக்கிறது. ஆகவே ‘பனித்தங்கல்’ என்கிறேன். புதைக்கும் குழி, கராஜ் மூலை போன்ற இடத்துக்குப் ‘பனிப்பாசறை’. “பனித்தங்கலிலும் மண் காய விடாதீர்கள்”, “பனிப்பாசறையில் எலி பட்டையைக் கொறித்துவிட்டது” என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

> உறக்கத்துக்கும் புதுச்சொல் வேண்டுமா?

வேண்டாம். ‘உறங்குநிலை’ ஏற்கெனவே புழங்குகிறது, கைவைக்க வேண்டியதில்லை.

எனக்கு இடறுவது வேறு. மார்ச்சில் இரவு உறைந்து பகல் உருகி, மறுபடி உறைந்து வேரை அறுக்கிறதே, அதற்கு ‘உறைவுருகல்’ என்று எழுதி வருகிறேன். வாயில் நுழையவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?