நேம்சர்வர் மாற்றியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

செட்டியார் தெரு:
நகைக்கடையின் புதிய இணையத்தளம் வெள்ளிக்கிழமை மாலை ஏறியது. தளம் செய்த நிறுவனம், எங்கள் டொமைனின் (இணையப் பெயரின்) பதிவுகளை வைத்துப் பதில் சொல்லும் நேம்சர்வரைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு, தளம் இருக்கும் ஐபி முகவரியைச் சொல்லும் ஏ பதிவை மட்டும் போட்டது. மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு அங்கே இல்லவே இல்லை. திங்கட்கிழமை காலை முதலாளி தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தம்பி, சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய விலைப்பட்டியல் திரும்பிப் போய்விட்டதாம். என் முகவரி பிழையாம். இத்தனை வருடமும் இதே முகவரிதானே?" பக்கத்துத் திரையில் புதிய தளம் பளபளத்தது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நிறுவனத்தை அழைத்தால், "48 மணித்தியாலம் பொறுங்கள், பரவிவிடும்" என்கிறார்கள். இல்லாத பதிவு எப்படிப் பரவும்? இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

வெள்ளவத்தை ரியூஷன்:
உங்கள் முதலாளிக்கு டொமைனாவது சொந்தப் பெயரில் இருந்திருக்கிறது. எங்களுடையது தளம் செய்த பையனின் பெயரில். அவர் கனடா போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள் அவருடைய பழைய முகவரிக்கே போயின. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை, எங்கள் பெயரைத் தட்டினால் விளம்பரப் பக்கம். ஒரு தாய் அழைத்து, "சேர், வகுப்பை நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டார். டொட் கொம் என்பதால் 30 நாள் மீட்புக் காலம் இருந்தது. அதற்கும் கனடாவிலிருந்து அவரே மனம் வைக்க வேண்டியிருந்தது.

கொள்ளுப்பிட்டி:
முதலாவது பதிவருக்கு: 48 மணித்தியாலம் என்பது முழுப் பொய் அல்ல. டொட் கொம் சேவையகங்கள் நேம்சர்வர் விபரத்தை 172,800 செக்கன் டிடிஎல்லுடன் (பதிலை நினைவில் வைத்திருக்கும் தவணையுடன்) தருகின்றன. அதாவது இரண்டு நாள். ஆனால் எதுவும் பரவுவதில்லை. பழைய பதிலை வைத்திருக்கும் ரிசால்வர் (நமக்காக முகவரியைத் தேடித் தரும் சேவையகம்), தவணை முடிந்ததும் மறுபடி கேட்கிறது, அவ்வளவுதான். டொமைன் பதிவு, டிஎன்எஸ் (நேம்சர்வரிலுள்ள பதிவுகள்), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) மூன்றும் ஒரே இடத்தில் இருக்கத் தேவையில்லை. தளம் மட்டும் இடம் மாறுகிறதென்றால் நேம்சர்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஏ பதிவில் புதிய ஐபி முகவரியைப் போட்டால் போதும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய இடத்திலுள்ள எல்லாப் பதிவுகளையும் முதலில் எடுத்துவையுங்கள். எம்எக்ஸை எல்லோரும் தேடுவார்கள். அனுப்பிய மின்னஞ்சல் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் தங்கியிருக்கும் டிஎக்ஸ்டி பதிவுகள்தாம் விடுபடும். புதிய நேம்சர்வரிடம் டிஎன்எஸ் பதில்களைக் கேட்டுக் காட்டும் டிக் (dig) கட்டளையால் நேரடியாகக் கேட்டு, பதில்கள் சரியென்று கண்ட பிறகே, டொமைன் வாங்கிய பதிவாளரிடம் கை வையுங்கள். ஏ பதிவின் டிடிஎல்லை மாற்றத்துக்கு முதல்நாளே 300 செக்கனுக்குக் குறைத்துவிடுங்கள். பதிவாளர் கணக்கு உரிமையாளரின் மின்னஞ்சலில் இருக்கட்டும், அதுவும் அதே டொமைனில் இல்லாத மின்னஞ்சலில். எங்கள் அலுவலகத்தில் டிகிம் விடுபட்டு, ஒரு கிழமை விலைமனுக்கள் எல்லாம் ஸ்பாமில் கிடந்தன.

தெமட்டகொட:
இத்தனை சொன்னவர் டிஎஸ் பதிவை விட்டுவிட்டாரே! எங்களுக்கு அதுதான் அடித்தது. டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் போட்டிருந்த டொமைன்; அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவதுதான் டிஎஸ். நேம்சர்வர் மாறியது, பதிவாளரிடம் பழைய டிஎஸ் அப்படியே இருந்தது. ஒரே மேசையில் இரண்டு தொலைபேசிகள்: கணக்காளரின் தொலைபேசியில் தளம் திறக்கிறது, என்னுடையதில் இல்லை. நான் கூகுளின் ரிசால்வரான 8.8.8.8ஐப் போட்டிருந்தேன், அது கையொப்பத்தைச் சரிபார்த்து மறுத்துவிடுகிறது. அவருடைய ரிசால்வர் சரிபார்ப்பதே இல்லை. "உங்கள் தொலைபேசிதான் பழுது" என்று அவர் மாலைவரை சாதித்தார்.

செட்டியார் தெரு:
கொள்ளுப்பிட்டிக்கு: எங்கள் டொமைனும் டொட் கொம்தான். புதன்கிழமையும் எம்எக்ஸ் இல்லை. நாங்களே கேட்டு வாங்கிப் போடுவித்த பிறகுதான் மின்னஞ்சல் வந்தது.