முதலமைச்சர் காப்பீட்டில் பொருத்திய காக்ளியர் கருவி: ஒலிச்செயலி பழுது, வழிகாட்டுங்கள்

காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். பிறவியிலேயே காது கேளாத என் மகளுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், 2021-இல் மூன்று வயதில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் செவிக்கருவி) பொருத்தினார்கள். ஆறு வயதைத் தாண்டினால் திட்டத்தில் இடமில்லை என்பதால் அப்போது அலைந்து திரிந்து முடித்தோம். பேச்சும் நன்றாகவே வந்தது.

ஆறு வாரங்களாகக் காதுக்குப் பின்னால் மாட்டும் ஒலிச்செயலி விட்டுவிட்டு இயங்குகிறது. செயலியிலிருந்து ஒலியை உள்ளே அனுப்பும் வட்டமான காயிலின் காந்தம் தலையில் ஒட்டுகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் தலையைத் திருப்பினால் ஒலி அறுந்துவிடுகிறது. 675 எண் பேட்டரிகளைப் புதிதாகப் போட்டும், இரவு முழுவதும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தும், காயில் வயரை மாற்றியும் பலனில்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால் புதிய செயலிதான் வழி என்று சர்வீஸ் மையத்தில் சொல்லும் தொகை எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. மாவட்ட அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை கையில் உள்ளது.

"டீச்சர் வாய் மட்டும் அசையுதும்மா" என்கிறாள்.

உத்தரவாதம் முடிந்த ஒலிச்செயலியை அரசு உதவியுடன் மாற்றிய பெற்றோர், எங்கே, என்னென்ன ஆவணங்களுடன் விண்ணப்பித்தீர்கள்?