அக்காவும் அத்தானும் ரிட்டையர் ஆகப்போறாங்க, செலவு குறைஞ்ச கடற்கரை டவுன் எது சரி வரும்?

கல்லடிப்புள்ள எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். என்ட மூத்தக்காவும் அத்தானும் 1999ல கனடா போனவங்க, ஸ்காபரோவில இருக்காங்க. அத்தானுக்கு இப்ப 65, அக்காவுக்கு 62. ரெண்டு பேருக்கும் முழங்கால் வருத்தம், விண்டர் வந்தா வீட்ட விட்டு இறங்க ஏலாது, வீட்டு வாடகை ஒரு பக்கம் கழுத்தப் புடிக்குது. புள்ளைகள் ரெண்டும் கலியாணம் முடிச்சு தனியப் போயிட்டுதுகள். இப்ப அத்தான் ஒரே புடியா நிக்கிறார், வெயில் உள்ள நாடா, கடற்கரையா, செலவு குறைஞ்ச ஒரு சின்ன டவுனாப் பாத்து போய் இருந்திருவம் எண்டு. யூடியூப்ப பாத்துப் பாத்து மலேசியாவில பினாங்கு, தாய்லாந்தில ஹுவா ஹின், வியட்நாமில நாட்ராங் எண்டு மூண்டு இடம் எழுதி வச்சிருக்கார்.

நான் கேட்டன், ஏன் அத்தான் இஞ்ச நம்மட மட்டக்களப்பில இல்லாத கடலா எண்டு. அவர் ஒண்டும் சொல்லல்ல. அவர்ட அம்மா நாவலடியில சுனாமியோட போனவ, அதுக்குப் பிறகு ஊருக்கு வந்தா கூட கடக்கரப் பக்கம் வரமாட்டார், ஆனா வேற நாட்டுக் கடல் எண்டா அவருக்கு ஒண்டும் செய்யாது போல. அதால நான் நெருக்கிக் கேக்க விரும்பல்ல. மத்தது ஊருக்கு வந்தா சொந்தக்காரர் சல்லி கேட்டு வருவாங்க எண்ட யோசனையும் இருக்கு, அதுவும் மெய்தான்.

பென்சன் காசு வெளிநாட்டுக்கு வருமா, விசா எப்பிடி, வருத்தம் வந்தா என்ன செய்யிற, விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. அவங்க அவசரப்பட்டு ஒண்டையும் விக்கக் கூடாது எண்டதுதான் என்ட கவல.

களுவாஞ்சிக்குடியான்:

தங்கச்சி, நானும் கனடாவில கன காலம் வேல செஞ்சிட்டு ஊரோட வந்த ஆள், அதால பென்சன் பக்கத்த சொல்றன், டவுன் தேடுறதுக்கு முதல் இத அத்தான விளங்கிக்கொள்ளச் சொல்லுங்க. சிபிபி எண்டது அவர் வேல செஞ்சு கட்டின காசு, எந்த நாட்டில இருந்தாலும் வரும். ஓஏஎஸ் எண்டது வயசான ஆக்களுக்கு கனடா அரசாங்கம் குடுக்கிற பென்சன், 18 வயசுக்குப் பிறகு கனடாவில 20 வருசம் இருந்தவருக்குத்தான் வெளிநாட்டில நிரந்தரமா இருந்தாலும் தொடர்ந்து வரும், அத்தான் 1999ல போனவர் எண்டா அது சரி, ஆனா முழுசா வர 40 வருசம் வேணும், அவருக்கு அந்தக் கணக்கில பங்குதான் கிடைக்கும். இனித்தான் முக்கியமான விசயம். வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மேலதிகமா ஜிஐஎஸ் எண்டு ஒண்டு குடுப்பாங்க, அது கனடாவ விட்டு ஆறு மாசத்துக்கு மேல வெளிய நிண்டா நிண்டு போகும். நம்மட ஆக்கள்ல கனபேருக்கு மாசக் காசில பெரிய துண்டு அதுதான். பேங்குக்கு வாற மொத்தக் காச வச்சு பினாங்கில இருக்கலாம் எண்டு கணக்குப் போட்டா, போய் ஆறு மாசத்தில கணக்கு உடையும்.

கனடாவில வதிவிடம் இல்ல எண்டு ஆனா பென்சனில 25 வீதம் வரி புடிப்பாங்க. நீங்க சொன்ன மூண்டு நாட்டோடயும் இலங்கையோடயும் கனடாவுக்கு வரி ஒப்பந்தம் இருக்கு, அதில என்ன குறையும் எண்டு ஒரு அக்கவுண்டன்ட்டிட்ட காசு குடுத்தாவது கேக்கணும். மருந்துக் காட் கதையும் இருக்கு, ஸ்காபரோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில வருசத்துக்கு 153 நாளாவது நிண்டாத்தான் ஒஹிப் எண்ட அரசாங்க மருத்துவக் காப்புறுதி இருக்கும்.

ஆரையம்பதி டு பினாங்கு:

அக்கா நான் பினாங்கிலதான் வேல செய்யிறன். தமிழ் ஆக்களுக்கு இதவிட லேசான வெளிநாடு இருக்காது, ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில காலையில தோசை, மாரியம்மன் கோயில், தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு சனம் ஏறுறத பாத்தா ஊர் ஞாபகம் வந்திரும், தமிழ்லயே கதைச்சு சாமான் வாங்கலாம். பிரைவேட் ஆஸ்பத்திரி நல்லம், இந்தோனேசியாவில இருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வாறாங்க.

ஆனா நிரந்தரமா இருக்கிற எண்டா சல்லி வேணும். வெளிநாட்டாக்கள் மலேசியாவில நீண்ட காலம் இருக்கிறதுக்கான எம்எம்2எச் விசாவ 2024ல மாத்தினவங்க, சில்வர் எண்ட கீழ்ப் படிக்கே ஒண்டரை லெச்சம் அமெரிக்க டொலர் பேங்கில வைப்புப் போடணும், அதோட 6 லெச்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்கணும். பென்சனோட வாற ஆளுக்கு இது சரி வராது எண்டுதான் நான் நினைக்கிறன். கனடா பாஸ்போட்டுக்கு 90 நாள் விசா இல்லாம நிக்கலாம், அத வச்சு ரெண்டு மூண்டு மாசம் வந்து இருந்து பாக்கச் சொல்லுங்க. வீடு பாக்கக்குள்ள லிப்ட் உள்ள இடமாப் பாருங்க, பழைய கடைவீடுகள்ல படி செங்குத்தா இருக்கும், முழங்கால் வருத்தக்காரர் ஏறமாட்டாங்க.

சாய்ந்தமருது நானா:

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. மச்சான் ஒராள் தாய்லாந்தில யாவாரம், அவர்ட்ட கேட்டுத்தான் எழுதுறன். 50 வயசுக்கு மேல ரிட்டையர்மென்ட் விசா இரிக்கி, தாய் பேங்கில 8 லெச்சம் பாத் வைப்பு, இல்லாட்டி மாசம் 65,000 பாத் வருமானம் காட்டணும், வருசா வருசம் புதுப்பிக்கணும், 90 நாளைக்கொருக்கா எங்க இரிக்கம் எண்டு அறிவிக்கணும். காணி வெளிநாட்டுக்காரர்ட பேருக்கு எழுத ஏலாது, தொடர்மாடியில மொத்தத்தில 49 வீதம் மட்டும்தான் வெளிநாட்டாக்களுக்கு. 2024க்குப் பிறகு வருசத்தில 180 நாள் அங்க நிண்டா உள்ள கொண்டு வாற காசுக்கு வரிக் கணக்கும் பாக்கிறாங்களாம்.

உங்கட அத்தான்ட மனசு எனக்கு நல்லா விளங்குது, நம்மட பக்கமும் அண்டைக்கு எத்தின மையத்து. பினாங்கிலயும் சுனாமி வந்து சனம் மவுத்தானது, தாய்லாந்தில புக்கட், காவ் லாக் பக்கம் அழிஞ்சது. ஹுவா ஹின் மத்தப் பக்கம், தாய்லாந்து வளைகுடாவில இரிக்கி, அந்தக் கடல் அண்டைக்கு வரல்ல. அவருக்கு இத சொல்லிப் பாருங்க, சில நேரம் அதுவே ஒரு நிம்மதி. ஆனா அங்க பாசை தெரியாது, கோயில் கொளம் எண்டு பழகினவங்களுக்கு தனிமையா இரிக்கும்.

கல்லடிப்புள்ள:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ராவு அக்காவோட கதைச்சன், களுவாஞ்சிக்குடி அண்ணன் சொன்னதுதான், அத்தான் போட்ட கணக்கில ஜிஐஎஸ்ஸும் சேந்துதான் இருந்திருக்கு. அக்கா அப்பிடியே கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. நாட்ராங் எப்பிடியாம்? ஊருக்கு வந்தாலும் விசா வேணுமா, அவங்க கனடா சிட்டிசன்.

திருக்கோவில் தம்பி:

வியட்நாமில ரிட்டையர்மென்ட் விசா எண்டே ஒண்டு இல்ல அக்கா, 90 நாள் ஈ-விசாதான், முடிய வெளிய போய் திருப்பி எடுக்கணும், வயசான ஆக்கள் அப்பிடி அலைய ஏலாது. அத விடுங்க.

ஊர்க் கதைக்கு வாறன், நான் காணி உறுதிப் பத்திரம் எழுதுற நொத்தாரிசு ஒருத்தர்ட்ட கிளாக்கா இருக்கிறன். கனடா சிட்டிசன் எடுத்தவுடன இலங்கைக் குடியுரிமை போயிரும், 55 வயசு தாண்டின எண்டபடியா இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது கையில இல்லாம காணி வாங்க வெளிக்கிடாதீங்க, 2014ம் ஆண்டு 38ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக்காரருக்கு காணி எழுதிக் குடுக்க ஏலாது, இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு அதில விலக்கு இருக்கு. இது தெரியாம தம்பிட பேரில, மச்சான்ட பேரில எழுதி வச்சிட்டு வயசான காலத்தில கோடு கச்சேரி எண்டு அலையிற ஆக்கள எங்கட கந்தோரில அடிக்கடி பாக்கிறன், நெஞ்சு எரியுது. தயவு செஞ்சு உங்கட பேரிலயும் எழுதி வாங்காதீங்க அக்கா, நீங்க நல்ல ஆளா இருந்தாலும் நாளைக்கு புள்ளைகள் எண்டு வரும். மத்தது கடக்கரையில பேமிட் காணி, அதாவது அரசாங்கம் பேமிட் மட்டும் குடுத்த காணி, மலிவு எண்டு காட்டுவாங்க, உறுதிப் பத்திரம் இல்லாத காணி பக்கமே போகவேணாம்.

இரட்டைக் குடியுரிமை வேணாம் எண்டா 55க்கு மேல மை ட்ரீம் ஹோம் விசா எண்டு இருக்கு, 15,000 அமெரிக்க டொலர் வைப்பு, அதோட மாசம் 1,500 டொலர் கொண்டு வரணும், கூட வாறவருக்கு 750. நம்மட ஆக்களுக்கு முதல் சொன்னதுதான் நல்லம்.

களுவாஞ்சிக்குடியான்:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. இனி என்ட யோசனைய சொல்றன். நிரந்தரமா ஒரு இடத்துக்குப் போற கதைய இப்ப விடுங்க. ஆறு மாசம் ஆகவிடாம கனடாவுக்குத் திரும்பினா ஜிஐஎஸ்ஸும் நிக்காது, ஒஹிப்பும் போகாது. கார்த்திகை மார்கழியில இஞ்ச வந்தா மழை, வெள்ளம், நுளம்பு, கடலும் கொந்தளிப்பு, அந்த நேரம் மட்டக்களப்பு சரி வராது. அந்த நேரத்தில ஹுவா ஹின்ல மழை ஓய்ஞ்சு நல்ல காத்து, பினாங்கிலயும் மார்கழி தையில மழை குறைவு. தைப்பூசம் வரைக்கும் அங்க இருந்திட்டு மாசியில ஊருக்கு வந்தா சித்திர வருசம் வரைக்கும் நிக்கலாம். கோடையில ஸ்காபரோ வீட்ட விட்டிட்டு புள்ளைகள்ட வீட்டில ஒரு அறையில இருந்தா வாடகை மிச்சம், ஆனா அத புள்ளைகளோடயும் மருமக்களோடயும் முதலே மனம் விட்டுக் கதைக்கணும்.

ஊரில நிக்கக்குள்ள கடக்கரையில வீடு வேணாம். வாவிப் பக்கம் பாருங்க, தண்ணியும் காத்தும் இருக்கும், கடல் இரைச்சல் கேக்காது, பெரியாஸ்பத்திரி கிட்ட. பெரிய ஒப்பரேசன் எண்டா கொழும்பு, கண்டி போற ஆக்கள் இன்னும் இருக்காங்கதான், அதையும் அக்காவுக்கு ஒளிக்காமச் சொல்லுங்க.

கல்லடிப்புள்ள:

அண்ணன், வாவிப் பக்கம் எண்டத சொன்னதும் அத்தான் அக்காட்ட இருந்து டெலிபோன வாங்கி எந்த இடம், வாடகை எவ்வளவு எண்டு அவரே கேட்டார். புளியந்தீவுப் பக்கம் கீழ்வீடு, படி இல்லாம, மாசி தொடக்கம் சித்திர வரைக்கும் வாடகைக்கு இருந்தா ஆராவது சொல்லுங்க. ஆரையம்பதி தம்பி, தை மாசத்துக்கு பினாங்கில லிப்ட் உள்ள ரூம் ஒண்டும் பாத்துத் தாங்களன்.