பொருள்: கேரவனின் திறக்காத யன்னலுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

அட்டனிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு, வாகன பொடி (உடற்பகுதி) வேலைப் பயிற்சிக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய கேரவன்களை, அதாவது வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டிகளை, திருத்தும் பகுதியில் ஒரு சொல்லில் தடக்கி நிற்கிறோம். சட்டத்தோடு சேர்த்துப் பூட்டிய, திறப்பதற்கென்று செய்யப்படாத யன்னலை எப்படி அழைப்பது? 'பிக்ஸ் கண்ணாடி' என்றால் பிள்ளைகள் கண்ணாடியை மட்டும் நினைப்பார்கள். கழற்றுவதோ அலுமினியச் சட்டம், இறப்பர், கண்ணாடி எல்லாம் சேர்ந்த முழு உறுப்பு.

'டிரெய்லர்' என்ற சொல்லைத் தவிர்த்திருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் அது டிரெக்டரின் பின்னால் கொழுந்து ஏற்றிப் போகும் பெட்டி. அந்த விவாதத்தைத் திரும்பத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதுளையிலிருந்து:

நிலைச்சாளரம். இடம் பெயராமல் நிலைத்து நிற்பது. வேறு யோசனை தேவையில்லை.

பண்டாரவளையிலிருந்து:

ஐயா, மரவேலை படித்த பிள்ளைக்கு 'நிலை' என்றால் கதவு நிலை, யன்னல் நிலை, அதாவது சட்டம். 'நிலைச்சாளரத்தைக் கழற்று' என்று எழுதினால் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மரத்தையும் சேர்த்துப் பெயர்க்கப் பார்ப்பான். பழைய கேரவனில் அலுமினியத் தகட்டைத் தாங்குவதே அந்த மரந்தான். திருகாணிகளைக் கழற்றி, இடைவெளியை அடைத்திருக்கும் பழைய மக்கைச் சுரண்டி எடுத்த பிறகு, குத்தூசியால் மரத்தை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி தடையில்லாமல் இறங்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது மரம் பொருத்தலாம். அநேகமாக அது கீழ் மூலைகளில்தான் இருக்கும், ஏனென்றால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். ஈர மரத்தை மூடி யன்னலைப் பூட்டினால் உக்கல் உள்ளுக்குள்ளேயே பரவும்.

நுவரெலியாவிலிருந்து:

'சாளரம்' என்பதையே நான் ஏற்கத் தயங்குகிறேன். வலை என்ற பொருளுள்ள 'ஜாலம்' என்ற வடசொல்லோடு உறவுடையது அது. சிலப்பதிகாரத்தில் 'கோலச் சாளரக் குறுங்கண்' வழியே நுழைவது தென்றல். அதே நூலின் 'மான்கண் காலதர்' தூய தமிழ்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலச் சொல்லின் வேரும் பழைய நோர்ஸ் மொழியில் 'காற்றுக் கண்'தான். ஆக, எந்தப் பக்கம் போனாலும் காற்று வந்துவிடுகிறது. காற்றே நுழையாத ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்துமா? ஒளி மட்டும் புகும் வழி: ஒளியதர். இதை மனமார முன்மொழிகிறேன்.

அட்டனிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் 16 வயதுப் பிள்ளை பக்கத்தைத் திறந்தவுடன் கையில் கருவியை எடுக்க வேண்டும், அகராதியை அல்ல. 'திறவா யன்னல்' என்று போடலாமா?

பதுளையிலிருந்து:

போடலாம். 'திறவா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், 'திறவாத' என்பதில் கடைசி எழுத்துப் போனது. பின்னால் வல்லினம் வந்தால் மிகும்: திறவாச் சாளரம். யகரம் வந்தால் மிகாது: திறவா யன்னல். ஆனால் 'ஆவோடு அல்லது யகரம் முதலாது' என்கிறது தொல்காப்பியம். 'ய' சொல்லுக்கு முதலில் வரலாமா?

பண்டாரவளையிலிருந்து:

நன்னூல் அதற்கு இடம் கொடுத்துவிட்டது, ஐயா. போர்த்துக்கீசர் கொண்டுவந்த 'ஜனேலா' நம் வாயில் யன்னலாகிப் பல தலைமுறை போய்விட்டது.

எனக்குள்ள தடை வேறு. பெயின்ட் மேல் பெயின்ட் பூசி ஒட்டிக்கொண்ட யன்னலும் திறவாத யன்னல்தானே! அதற்கு விளிம்பில் கத்தி ஓட்டினால் போதும். அதைத் 'திறவா' வகை என்று நினைத்துச் சட்டத்தோடு நெம்பினால் தகடு கோணிவிடும். கோணிய அலுமினியம் பழையபடி தட்டையாவது மிகக் கடினம். பிணைச்சல் (கீல்) இல்லாதது என்று 'பிணைச்சலிலா யன்னல்' எனப் போட்டால் என்ன?

அட்டனிலிருந்து:

அக்கா, தடத்தில் பக்கவாட்டில் நகரும் தள்ளு யன்னலுக்கும் பிணைச்சல் கிடையாது. அதையும் இதே அத்தியாயத்தில் வைத்திருக்கிறோம்.

வெலிமடையிலிருந்து:

சொல் எதுவானாலும் சரி, வரைவில் மூன்று திருத்தங்கள் அவசியம். கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டைச் சட்டத்துக்குள் இறுக்கமாக வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். வெப்பம் 30 பாகை மாறினால் 1 மீற்றர் அக்ரிலிக் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும், அலுமினியம் 0.7 மி.மீ. தான். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் உறைபனி, நண்பகலில் சுள்ளென்று வெயில். இடைவெளி விடாத தகடு வளையும், துளையைச் சுற்றி வெடிக்கும். தின்னரால் துடைத்தாலும் நுண்வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீரே போதும்.

அடுத்தது, சட்டத்தின் விளிம்பை அடைக்கும் சிலிக்கன் பசை. அதன் படலம் எஞ்சிய இடத்தில் பிறகு எதுவும் சரியாக ஒட்டாது. இறப்பர் போன்று ஒட்டும் பியூட்டைல் நாடாதான் ஏற்றது: 3 மி.மீ. தடிப்பு, சட்ட விளிம்பின் அகலம். குளிரில் அது விறைத்துவிடும், ஒட்டுமுன் சூடாக்குங்கள். திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் மறுபக்கம் நாடா அமுங்காது. மறுநாள் பிதுங்கியதை பிளாஸ்டிக் கத்தியால் வழித்துவிட்டு இன்னொரு சுற்று இறுக்குங்கள். சாதாரண இரும்புத் திருகாணி வேண்டாம். ஈரத்தில் அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும்.

மூன்றாவது, சட்டத்தின் அடியிலுள்ள சிறு துளைகளைப் 'பூசி அடைக்கவும்' என்றிருப்பது பெரும் பிழை. உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற அதைவிட்டால் வேறு வழியில்லை. அடைத்தால் அந்தத் தண்ணீர் மரத்துக்குத்தான் போகும். இதற்கு 'வடிதுளை' என்று பெயரிடுங்கள்.

அட்டனிலிருந்து:

மூன்று திருத்தங்களும் சேர்த்தாயிற்று, மிக்க நன்றி. 'வடிதுளை'க்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மற்றதற்கு மூவர் 'திறவா யன்னல்', ஒருவர் 'நிலைச்சாளரம்', ஒருவர் 'ஒளியதர்'. முதற்பக்கத்தில் இப்படிப் போகிறது: 'திறவா யன்னல்: திறப்பதற்கென்று செய்யப்படாதது. பெயின்ட் ஒட்டியதாலோ துருவாலோ திறக்க மறுப்பது இதில் சேராது. சட்டத்தில் கைபிடி, பிணைச்சல், தள்ளு தடம் மூன்றில் ஏதாவது ஒன்று இருந்ததா என்று முதலில் பார்.'

நுவரெலியாவிலிருந்து:

பெரும்பான்மைக்கு உட்படுகிறேன், உடன்படவில்லை. ஒரு பொருளை அது செய்யாததைக் கொண்டு பெயரிடுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சொல்லடைவில் 'ஒளியதர்' என்று ஒரு வரியாவது போடுங்கள், தம்பி.

அட்டனிலிருந்து:

சொல்லடைவு நேற்றிரவே அச்சுக்குப் போய்விட்டது, ஐயா. அடுத்த பதிப்பில் கட்டாயம் சேர்க்கிறேன்.